சங்கத்தில் சொல்லாத சிங்கம்

சிலப்பதிகாரமும் திருக்குறளும் இடம்பெறும் நம் இதழில், ஒரு போலீஸ் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். சங்கக் கூட்டத்தில் "சமீபத்தில் என்ன படம் பார்த்தீர்கள்?" என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் சற்று யோசித்து விருது வாங்கிய படம் ஒன்றின் பெயரைச் சொல்கிறோம். கூட்டம் முடிந்து தேநீர்க் குவளையைக் கையில் எடுத்த பிறகுதான் உண்மை வெளிவருகிறது. "நேற்று ராத்திரி டி.வி.யில் சிங்கம் 2 போட்டான். எத்தனையாவது தடவையோ, எழுந்திருக்க முடியவில்லை சார்!"

சர்க்கரை வியாதிக்காரர் ஓணத்தன்று அடைப் பிரதமனை ஒளிந்து நின்று ருசிப்பது போன்ற ரசனை இது. நல்லதில்லை என்று தெரியும். ருசி என்பதும் தெரியும். இந்த ருசி எதனால் உண்டாகிறது, அதில் எது பாயசம், எது வியாதி என்று பிரித்துப் பார்க்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. நான் இலக்கியம் படித்தவனல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பாதைப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவன். எந்தப் பொருளைக் கண்டாலும் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது தொழில் கொடுத்த பழக்கம்.

முதலில் படங்களை நினைவுபடுத்திக்கொள்வோம். ஹரி இயக்கி, சூர்யா நடித்த 'சிங்கம்' 2010 மே 28 அன்று வெளிவந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் நல்லூர் என்ற கற்பனை ஊர், அங்கே துரைசிங்கம் என்ற சப் இன்ஸ்பெக்டர். மயில்வாகனம் (பிரகாஷ்ராஜ்) என்ற சென்னை தாதாவோடு அவருக்கு மோதல். 2013 ஜூலை 5இல் 'சிங்கம் 2', 2017 பிப்ரவரி 9இல் மூன்றாவதான 'சி 3' வந்தன. முதல் படத்தை மட்டும் கன்னடத்தில் 'கெம்பே கவுடா' என்றும், இந்தியில் 'சிங்கம்' என்றும் 2011இல் எடுத்தார்கள். இந்திக்காரர்கள் அதோடு விடவில்லை. நம் இரண்டாம் பாகத்தைத் தொடாமல், 2014இலும் 2024இலும் தங்கள் சொந்த வழியில் அடுத்தடுத்த பாகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே பதியன், இரண்டு தோட்டம்.

இரண்டாம் பாகம் என்பது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வியாபாரத் தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணம் வரக் கூடாது. மார்த்தாண்டவர்ம மகாராஜா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரம் இங்கேதான் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. அந்த ராஜாவை வைத்து சி.வி. ராமன் பிள்ளை 1891இல் 'மார்த்தாண்டவர்மா' நாவலை வெளியிட்டார். வாசகர்கள் விடவில்லை, 1913இல் 'தர்மராஜா' வந்தது, அதன்பின் 'ராமராஜ பகதூர்'. தமிழில் கல்கி அவர்கள் 'பார்த்திபன் கன'வை எழுதி முடித்த பிறகு, அதற்கு முந்திய தலைமுறையின் கதையைச் 'சிவகாமியின் சபத'மாக எழுதினார். தெரிந்த மனிதர்களை மறுபடியும் பார்க்க வேண்டும் என்ற ஆசை பழையது. இலக்கியத்தில் அதற்கு மரியாதை உண்டு; சினிமாவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

தமிழ் சினிமாவில் இது தாமதமாகத்தான் வந்தது. 'கல்யாணராமன்' 1979, 'ஜப்பானில் கல்யாணராமன்' 1985 என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படங்கள். காரணம் என்னவென்று யோசித்தால், நமக்கு இரண்டாம் பாகம் தேவைப்படவே இல்லை என்று தோன்றுகிறது. எம்.ஜி.ஆர். படத்தில் கதாநாயகனின் பெயரும் தொழிலும் மாறும். மற்றபடி தாய்ப்பாசம், தத்துவப் பாட்டு, கத்தி அல்லது கம்புச் சண்டை, தீயவன் திருந்துவது அல்லது ஒழிவது எதுவும் மாறாது. ஒவ்வொரு படமும் முந்திய படத்தின் அடுத்த பாகம்தான். நடிகரே தொடர்கதையாக இருந்தபோது பெயருக்குப் பின்னால் எண் எதற்கு? எண் போட்டு எடுக்கும் வழக்கம் பரவலானது 2010க்குப் பிறகு என்பது என் கணிப்பு. அதற்குள் ரசிகர்கள் ஒரு நடிகரை மட்டும் நம்பிக் கொட்டகைக்கு வருவது குறைந்துவிட்டது. ஓடிய படத்தின் பெயர் என்பது ரிசர்வ் செய்த டிக்கெட் மாதிரி, தயாரிப்பாளருக்குப் பாதி நிம்மதி.

இப்போது கட்டுமானத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றை ரயில்பாதைக்குப் பக்கத்தில் இரண்டாம் பாதை போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் திருவனந்தபுரம் - கன்னியாகுமரிப் பாதை 1979இல் திறக்கப்பட்டது. அதை இரட்டைப் பாதையாக்கும் திட்டத்துக்கு 2015-16இல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாம் பாதைக்குப் புதிய ஊர்கள் கிடையாது. அதே பாலராமபுரம், அதே நெய்யாற்றின்கரை, அதே தனுவச்சபுரம், அதே பாறசாலை. வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தலாம், கனமான தண்டவாளம் போடலாம், வேகத்தைக் கூட்டலாம். பழைய பாதையை விட்டுத் தள்ளியும் போகக் கூடாது, அதன் மேலேயே ஏறவும் கூடாது.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மண்கரையின் சரிவை ஒட்டிப் புது மண்ணை அப்படியே கொட்டினால், பார்க்க ஒன்றாகத்தான் தெரியும். இரண்டு மழைக்காலம் போனால் புது மண் மட்டும் தனியாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதனால் பழைய சரிவில் முதலில் படிப்படியாக வெட்ட வேண்டும். அந்தப் படிகளில் புது மண்ணை அடுக்கி இறுக்கினால்தான் பழையதும் புதியதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

'சிங்கம் 2' இந்தப் படியை ஒழுங்காக வெட்டிய படம். முதல் படத்தின் முடிவில் துரைசிங்கம் வேலையை விட்டுவிட்டதாக ஊர் நம்புகிறது. ஆனால் ரகசியமாக ஒரு பணி அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. இரண்டாம் படம் சரியாக அந்த இடத்திலிருந்து எழுகிறது. தூத்துக்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் என்.சி.சி. அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே துறைமுகத்தின் மேல் கண் வைத்திருக்கிறார் துரைசிங்கம். ஊரார் ஏளனமாகப் பார்க்கிறார்கள், கல்யாணம் தள்ளிப்போகிறது. நமக்கு மட்டும் உண்மை தெரியும். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரும் அந்த ரகசியத்தில் கூட்டாளிகள். காக்கிச் சட்டையை அவர் எப்போது திரும்ப அணிவார் என்பதுதான் நம் ஏக்கம் என்று ஹரிக்குத் தெரிந்திருக்கிறது. அதனாலேயே வெகுநேரம் அணிய விடாமல் நம்மைக் காக்க வைக்கிறார். அந்தச் சட்டை மேலே ஏறும்போது மார்த்தாண்டத்துக் கொட்டகையில் எழுந்த சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன்களுக்குக் குறையாமல் நானும் சத்தம் போட்டேன் என்பதை என் மனைவி இன்றும் வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

படி வெட்டாமல் மண் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஹரியிடமே உதாரணம் இருக்கிறது. 2003இல் விக்ரம் நடித்த 'சாமி' திருநெல்வேலியை வைத்து எடுத்த அருமையான மசாலாப் படம். கோட்டா சீனிவாச ராவ் நடித்த பெருமாள் பிச்சை மாதிரி ஒரு வில்லன் அடிக்கடி அமைவதில்லை. பதினைந்து ஆண்டு கழித்து 2018இல் 'சாமி ஸ்கொயர்' வந்தது. சாமியின் மகனுக்கும் பெருமாள் பிச்சையின் மகனுக்கும் சண்டை. முதல் படத்தில் திரிஷா செய்த பாத்திரத்துக்கு வேறு நடிகை. ஐஸ்வர்யா ராஜேஷ் நல்ல நடிகைதான், அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொலைக்காட்சியில் நூறு முறை பார்த்து மனத்தில் பதிந்த முகம் மாறிய மாத்திரத்தில், "இது வேறு வீடு" என்று உள்ளே ஒன்று சொல்லிவிடுகிறது. அதற்குமேல் எத்தனை வண்டி பறந்தாலும் பயனில்லை. கரை சரிந்துவிட்டது.

வண்டி பறப்பது என்று சொன்னேன். ஹரி படம் என்றால் சுமோ வண்டி காற்றில் எழும்ப வேண்டும் என்பது பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. கூடவே அந்த ஒன்றரை டன் அடி. துரைசிங்கம் ஓங்கி அடித்தால் ஒன்றரை டன் எடை என்று முதல் படத்தில் வந்த வசனம் தமிழ்நாடு முழுக்கப் பரவி, எல்லை தாண்டி இங்கேயும் ஆட்டோக்களின் பின்னால் எழுதப்பட்டது. எஞ்சினியர் என்ற முறையில் இதைக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் சிலீப்பர் கட்டை ஒன்று ஏறத்தாழ 280 கிலோ. ஒன்றைத் தூக்கி வைக்க ஆறேழு பேர் வேண்டும். ஒன்றரை டன் என்றால் அப்படி ஐந்து கட்டைக்கும் மேல். ஒலிம்பிக் தரமுள்ள குத்துச்சண்டை வீரர்களின் குத்தைக் கருவி வைத்து அளந்தபோது சராசரியாக 350 கிலோ எடைக்குச் சமமான விசைதான் கிடைத்தது. ஆக, துரைசிங்கம் நான்கு ஒலிம்பிக் வீரர்களுக்குச் சமம். ஆனால் சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. சுத்தியலை ஆணியின் தலையில் வெறுமனே வைத்தால் ஆணி இறங்காது, ஓங்கி அடித்தால் இறங்கும். அடியின் விசை எடையால் மட்டும் வருவதில்லை, எவ்வளவு குறைந்த நேரத்தில் அந்த வேகம் நிறுத்தப்படுகிறது என்பதால் வருகிறது. எனவே வசனம் எழுதியவருக்குப் பௌதிகம் பாதி தெரியும் என்று சான்றிதழ் கொடுக்கலாம்.

இரண்டாம் பாகத்துக்கு இன்னொரு கட்டாயம், எல்லாமே பெரிதாக வேண்டும். நல்லூரில் தொடங்கிய சண்டை முதல் படத்திலேயே சென்னைக்குப் போய், ஆந்திராவில் முடிந்தது. இரண்டாவதில் கடல் தாண்டித் தென்னாப்பிரிக்கா. மூன்றாவதில் ஆஸ்திரேலியா. இப்படி ஒவ்வொரு பாகத்துக்கும் கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன நடக்குமோ அதுதான் மூன்றாவதில் நடந்தது, ஊர் மறைந்துபோயிற்று. எனக்கு மூன்றாவது பிடிக்கவில்லை. நல்லூர் மளிகைக் கடையின் வாசனை விசாகப்பட்டினத்தில் இல்லை.

இரண்டாம் படத்திலும் ஒரு குறை உண்டு. டேனி என்ற போதைப்பொருள் கடத்தல்காரனாக நடித்த டேனி சபானி இங்கிலாந்தில் மதிப்புள்ள நாடக, சினிமா நடிகர். அவரைக் கூட்டிவந்து முறைக்கவும் கத்தவும் மட்டும் வைத்திருக்கிறார்கள். கறுப்பு நிறத்து அந்நியன் என்றால் கடத்தல்காரன் என்ற சோம்பேறித்தனம் அதில் இருக்கிறது. வெளியூரில் பிழைக்கப் போய், நிறத்தையும் மொழியையும் வைத்து எடைபோடப்பட்ட அனுபவம் நம்மவர்களுக்கு நிறையவே உண்டு. நாம் அதைக் கைதட்டி வரவேற்பது எனக்கு உறுத்துகிறது.

மூன்றாவது படத்துக்காக ஒரு வார்த்தை மட்டும் சொல்ல வேண்டும். அதில் வில்லன் செய்யும் குற்றம், வெளிநாட்டு மருத்துவக் கழிவையும் மின்னணுக் கழிவையும் இந்தியாவில் கொண்டுவந்து கொட்டுவது. பார்த்தபோது இது ஒரு குற்றமா, இதற்கா இவ்வளவு சண்டை என்று கேட்டவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டது தெரிய வந்து, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, லாரிகளில் அதைத் திரும்ப எடுத்துவந்தார்கள். படத்தில் ஆஸ்திரேலியா, இங்கே சோதனைச்சாவடிக்கு வடக்கே. மசாலாப் படம் சில நேரம் செய்திக்கு முந்திக்கொள்கிறது.

மலையாள நண்பர்களிடம் இதைப் பேசினால், "எங்களுடைய பரத்சந்திரனைப் பாருங்கள்" என்பார்கள். 1994இல் வந்த 'கமிஷனர்' படத்தில் சுரேஷ் கோபி ஏற்ற பாத்திரம். 2005இல் அதே பெயரில் 'பரத்சந்திரன் ஐ.பி.எஸ்.' என்று இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தை எழுதிய ரஞ்சி பணிக்கரே இரண்டாவதை இயக்கினார். அங்கே அடி வாயிலிருந்து வரும். மேலதிகாரியையும் மந்திரியையும் நிற்க வைத்து மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவதற்காகவே கூட்டம் போகும். நம் துரைசிங்கமும் பேசுவார். ஆனால் அவர் பேசுவது கை வருவதற்கு முன்னால் அடிக்கும் மணி.

சரி, எல்லாம் தெரிந்த கதைதானே, அதில் எப்படி இன்பம் வருகிறது? திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்குப் போனவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். சஷ்டியன்று கடற்கரையில் லட்சக்கணக்கான ஜனம். சூரன் யானைமுகத்தோடு வருவான், சிங்கமுகத்தோடு வருவான், கடைசியில் தன் முகத்தோடு வருவான். ஒவ்வொரு முறையும் வேல் பாயும். அங்கே நிற்கும் ஒருவருக்காவது முடிவு தெரியாதா? இந்த வருஷம் சூரன் ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவான் என்று யாராவது பயப்படுகிறார்களா? இல்லை. ஆனால் வேல் பாயும் கணத்தில் உடம்பு சிலிர்க்கிறது. முடிவு தெரிந்திருப்பதால்தான் சிலிர்க்கிறது என்று நான் சொல்வேன். அடுத்து என்ன என்ற கவலையை இறக்கி வைத்துவிட்டதால், எப்படி என்பதில் முழு மனமும் நிற்கிறது. கதகளி பார்ப்பவருக்குக் கீசகன் கதை தெரியாதா? பச்சை, கத்தி, தாடி என்று வேஷத்தைப் பார்த்ததுமே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதன் பிறகுதான் ஆட்டத்தை ரசிக்கிறார். நாங்கள் ரயில்வேயில் ஒன்றைக் கண்டிருக்கிறோம். ரயில் சரியான நேரத்துக்கு வருவதில் ஒரு ஆச்சரியமும் கிடையாது, கால அட்டவணையில் அச்சடித்திருக்கிறது. இருந்தும் தூரத்தில் எஞ்சின் தெரிந்ததும் பிளாட்பாரத்தில் நிற்கும் முகங்கள் மலர்வதைப் பாருங்கள்.

எல்லையோரத்துத் தமிழர்களான நமக்கு இந்தப் படத்தில் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. நான் குடியிருக்கும் அதியன்னூரிலிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, அதோடு மாநிலம் மாறிவிடும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்தப் பக்கம் நின்றது. தமிழ்ப் படங்கள் இங்கே மொழிமாற்றம் இல்லாமல் தமிழிலேயே ஓடும். சுவரொட்டியில் மட்டும் பெயர் மலையாள எழுத்தில் இருக்கும். சென்னைத் தமிழ் பேசும் படங்களைப் பார்க்கும்போது நாம் விருந்தாளிகள். துரைசிங்கம் வீட்டார் தூத்துக்குடித் தமிழில் "ஏலே" என்று கூப்பிடும்போது, அது நம் மாமன் மச்சான்களின் குரல். தென்கோடிப் பேச்சு கேலிக்கு மட்டும் பயன்பட்ட காலம் ஒன்று தமிழ் சினிமாவில் இருந்தது. அதைக் கதாநாயகனின் வாயில் வைத்தவர்களில் நாசரேத் பக்கத்துக்காரரான ஹரிக்கு முக்கிய இடம் உண்டு. எரிமலை என்ற ஏட்டாக வந்த விவேக்கும் கோவில்பட்டி மண்ணின் மைந்தர். 2021 ஏப்ரலில் அவர் மறைந்த செய்தி வந்த அன்று, பாறசாலை தேநீர்க் கடையில் மலையாளிகளும் அவர் வசனங்களைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பேரன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பான், அவ்வளவுதான். முதல் 'சிங்க'த்தைப் போட்டுக் காட்டியபோது, "நிபந்தனை ஜாமீன் என்றால் என்ன தாத்தா?" என்று கேட்டான். "ஜாமீன் என்றால் உங்கள் ஜாம்யம், நிபந்தனை என்றால் இன்னது செய்ய வேண்டும் என்று போடும் கட்டளை" என்றேன். "அப்படியானால் அம்மா எனக்கு டி.வி. பார்க்கக் கொடுப்பது நிபந்தனை அனுமதி" என்றான். நிபந்தனை என்ற சொல்லை நான் பாடப் புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

இவ்வளவும் பாயசம். வியாதிக்கும் வருகிறேன்.

2020 ஜூன் 19 அன்று, அதே தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் போலீசார் கொண்டுபோனார்கள். நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். காவல் நிலையத்தில் அவர்கள் பட்ட அடி நாடு முழுக்கப் பேசப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது, விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது, காவலர்கள் மேல் கொலை வழக்குப் பதிவாயிற்று. அந்த ஜூன் முடிவதற்குள் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் சொல்லியிருந்தார். இரண்டு சாமி, மூன்று சிங்கம், ஆக ஐந்து. அதன் பிறகு அவர் எடுத்த 'யானை' (2022), 'ரத்னம்' (2024) இரண்டிலும் கதாநாயகன் போலீஸ்காரன் இல்லை. ஓடிய சரக்கைத் தயாரித்தவரே அதைப் பற்றி இப்படிச் சொல்வது நம் சினிமாவில் அபூர்வம். அவருடைய கற்பனை நல்லூரும் நிஜச் சாத்தான்குளமும் ஒரே மாவட்டத்தில் இருப்பது அவருக்கு மற்றவர்களைவிட அதிகமாக வலித்திருக்கும்.

படம் பார்த்துத்தான் போலீசார் அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சினிமா பிறப்பதற்கு முன்பே லத்தி இருந்தது. ஆனால் லாக்கப்பில் அடி விழும்போது நாம் ஏன் கைதட்டுகிறோம்? படத்தில் அடி வாங்குகிறவன் குற்றவாளி என்று நமக்கு முன்பே காட்டிவிடுகிறார்கள். நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம், சாட்சி வேண்டாம், நீதிபதி வேண்டாம். வெளியில் அப்படி யாருக்கும் முன்காட்சி காட்டப்படுவதில்லை. சாத்தான்குளத்து மக்கள் பார்த்தது, கடையை அடைக்கத் தாமதித்த இரண்டு பேரை. சூரனுக்கு வேல் பாய்வதைப் பார்த்து சிலிர்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. சூரனுக்கு அடையாளத் தவறு கிடையாது.

அதனால்தான், மூன்று படங்களிலும் மிகச் சிறந்த காட்சி எது என்று கேட்டால், நான் எந்தச் சண்டையையும் சொல்ல மாட்டேன். மயில்வாகனம் நிபந்தனை ஜாமீனில் நல்லூர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய மனிதன் ஆயிற்றே, வேறு ஆளை அனுப்புகிறான். துரைசிங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவனே நேரில் வர வேண்டும் என்கிறார். அவ்வளவுதான், அதிலிருந்துதான் மூன்று படத்துச் சண்டையும் பிறக்கிறது. ஒரு சாதாரண சப் இன்ஸ்பெக்டர், ஒரு பதிவேடு, ஒரு கையெழுத்து. சென்னையையே ஆட்டிப் படைக்கிறவன் சட்டத்தின் ஒரு வரிக்காகச் சிற்றூருக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தில் விரிசல் சோதனை செய்த ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் நானே கையெழுத்துப் போட்டவன். எனக்குப் பதிலாக இன்னொருவர் போட்டால் அது ரயில் கவிழ்கிற விஷயம். அந்தக் காட்சியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததை என் துறைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள்.

முதல் படத்தின் முடிவில் மயில்வாகனம் சுட்டுக் கொல்லப்படுகிறான். இரண்டாவதில் டேனியைக் கைது செய்து இந்தியாவுக்குக் கொண்டுவருகிறார்கள். "சுட்டிருக்கலாமே தாத்தா!" என்று பேரன் குறைப்பட்டுக்கொண்டான். "சுட்டால் ஜாமீனில் கையெழுத்துப் போட யார் வருவது?" என்று கேட்டேன். யோசித்தான். இப்போது நாலாவது பாகத்துக்கு அவனே கதை பண்ணிக்கொண்டிருக்கிறான். துரைசிங்கத்தைக் களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு மாற்றியாகிவிட்டது. வில்லன் திருவனந்தபுரத்தில் இருக்கிறான். வாரம் ஒருமுறை ரயிலில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பாறசாலை நிலையத்தில் சண்டை. நான் பாசஞ்சர் வண்டி அங்கே ஒரு நிமிடம்தான் நிற்கும், அதற்குள் சண்டை முடியாது என்று சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடமாவது வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்கிறான். எதிரே வரும் வண்டிக்காகக் காத்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறேன்; இரட்டைப் பாதை வந்துவிட்டால் அதற்கும் வழி இருக்காது, படத்தைச் சீக்கிரம் எடுத்தாக வேண்டும்.